ஒரு சொட்டு பாக்கி

நூலகத்தில் வெங்காய வாசனை அடித்தது. பள்ளி நூலகர் பால்வண்ணம் முதலில் தன் சாப்பாட்டுப் பையைத்தான் சந்தேகப்பட்டார். திறந்து பார்த்தால் வழக்கம்போலத் தயிர்சாதம். அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே போனவர், புவியியல் அலமாரிக்குப் பின்னால் ஆறாம் வகுப்பு முத்துராஜைக் கண்டுபிடித்தார். பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அளவுகோலால் ஒரு சின்ன வெங்காயத்தை நசுக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தான். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. முகத்தில் மட்டும் நல்ல சந்தோஷம்.

"என்னலே பண்ணுத?"

"அழுவுதேன் சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"டெல்பினுக்குக் குடுக்கதுக்கு. எல்லாரும் அழுதா அவ அப்பா திரும்பி வந்துருவாவளாம். எனக்குச் சும்மா வர மாட்டேங்கு சார், அதான் வெங்காயம். நீங்க குடுத்தாச்சா?"

டெல்பினின் அப்பா வியாகப்பன் காற்றாலையில் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவர். அந்த ஊரில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். பள்ளிக்கூட ஜன்னலில் எங்கே பார்த்தாலும் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனி மாதக் காற்றில் அப்படி ஒன்றின் உச்சியிலிருந்து வியாகப்பன் விழுந்தார். மறுவாரமே டெல்பின் பள்ளிக்கு வந்துவிட்டாள். அழவில்லை. தைரியமான பிள்ளை என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். பால்வண்ணமும் அப்படித்தான் சொன்னார். எல்லாரும் சொல்வதைத் தானும் சொல்வதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

முத்துராஜ் வெங்காயத்தோடு போன பிறகு அவர் மூலையில் இருந்த கதை சொல்லும் பெட்டியைப் பார்த்தார்.

பெட்டி வருவதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு உலகப் புராணங்கள் சொல்லும் பொறுப்பு அவருடையதாக இருந்தது. எந்தத் தேசத்துக் கடவுளின் பெயரும் அவர் வாயில் நிற்காது. "அந்த இடிக்காரன்", "இந்தக் கடல்காரன்" என்றே கதையை ஓட்டிவிடுவார். கட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் மூக்குச் சிந்துவார். ஒருமுறை ஜப்பான்காரர்களின் கதையைச் சொன்னார். செத்துப்போன மனைவியைத் தேடிப் பாதாளத்துக்குப் போனவன், பார்க்காதே என்று அவள் சொல்லியும் கேட்காமல் விளக்கை ஏற்றிப் பார்த்துவிடுகிற கதை. கேட்ட பிள்ளைகள் சிலர் வீட்டில் தூங்காமல் அழுதார்கள். பெற்றோர் திரண்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது.

பிள்ளைகள் ஆளுக்கொரு காதுக்கருவியை மாட்டிக்கொள்வார்கள். கையில் உடல்நலப் பட்டை எல்லாருக்கும் ஏற்கெனவே இருந்தது. பெட்டியின் குரல் தேன். அதற்குப் பெயர்கள் மறக்காது, மூக்கு கிடையாது. பால்வண்ணத்தின் வேலை, வகுப்பு முடிந்ததும் காதுக்கருவிகளைப் பஞ்சால் துடைத்து வைப்பது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தன்னைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களிடம் வேலையை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது அவர் சுபாவம். வீட்டில் சமையலறையிலிருந்தும் அப்படித்தான் ஒதுங்கினார், வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்ட பிறகு.

பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கியது: 'கண்ணீரில்லா நூலகம்'. பெட்டியை வைத்த கம்பெனி கொடுத்தது. அவர் அதைத் தினமும் துடைப்பார்.

சாப்பாட்டு மணிக்கு டெல்பினைக் கூப்பிட்டு விட்டார். தோளில் நீலக்கரைத் துண்டோடு வந்தாள். பெரியவர்கள் போடுகிற துண்டு. அவள் முழங்கால் வரை தொங்கியது.

"அப்பா துண்டா?"

"ஆமா சார். இதுலதான் எல்லாரும் தொடைச்சுக் குடுக்காவ." அவள் துண்டை மேசையில் விரித்தாள். "இந்தப் பக்கம் எங்க கிளாஸ். இது சத்துணவு அக்கா. இது வாட்ச்மேன் மாமா, அவிய ரொம்ப அழுதாவ. இது நாய்க்குட்டி."

"நாயுமா?"

"எல்லாமும் அழணும் சார். மனுசங்க மட்டும் போதாது." செய்கிற காரியத்தில் கண்ணும் கருத்துமாக இருப்பவர்களின் நிதானம் அவள் குரலில் இருந்தது. "பனி தேசத்துக் கதை, கேட்டதில்லையா? அங்க ஒரு சாமி, எல்லாருக்கும் பிடிச்ச சாமி, செத்துப்போயிருவாரு. செத்தவங்களை வச்சிருக்க ராணி சொல்லுவா, ஒலகத்துல உள்ள எல்லாம் அழுதா விட்டுருதேன்னு. மரம் அழும். கல்லு அழும். இரும்பு அழும். அவரு வந்துருவாரு."

"இரும்புக்கு என்ன செஞ்ச?"

"காத்தாடிகிட்டப் போனேன்." துண்டின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். "அப்பா விழுந்தாவல்லா, அதேதான். அது அழாதுன்னு எல்லாரும் சொன்னாவ. விடியக்காலம் போய்ப் பாத்தா, மேலேருந்து அடி வரைக்கும் பனித்தண்ணி வடிஞ்சு நின்னுச்சு."

பால்வண்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ அழுதியா டெல்பின்?"

அவள் துண்டை மடிக்க ஆரம்பித்தாள். "நான் கேக்குத ஆளுல்லா சார். கேக்குத ஆளு அழ வேண்டாம்." பிறகு சொன்னாள்: "நீங்க மட்டுந்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை வாரேன். ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு லீவு நாளு. அன்னைக்கு வந்துருவாவ."

பால்வண்ணத்துக்கு அந்தக் கதை தெரியும். பெயர்கள்தான் நிற்காதே தவிர, கதைகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. பனி தேசத்துக் கதையில் மரம் அழும், கல் அழும், இரும்பும் அழும். ஒரு குகையில் ஒரே ஒரு கிழவி மட்டும் அழ மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். அந்தச் சாமி திரும்பி வருவதே இல்லை.

அன்று மாலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி வைத்து விசாரித்தார். முத்துராஜ் கேட்ட கதையில் அந்தச் சாமி சாகவே இல்லை, மயக்கம். இன்னொருத்தியின் கதையில் கிழவி இருந்தாள், ஆனால் அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்கப் போனார்கள். பெட்டி சொன்ன முயல் கதையும் அப்படியே. ஆப்பிரிக்காவில் நிலா ஒரு முயலிடம், 'நான் தேய்ந்து திரும்ப வளர்வதுபோல் மனிதர்களும் திரும்ப எழுவார்கள்' என்று சொல்லி அனுப்ப, முயல் தலைகீழாகப் போய்ச் சொல்லிவிடும். அன்றுமுதல் சாவு வந்தது. முத்துராஜின் முயல் சரியாகச் சொல்லிவிட்டதாம்.

"அப்ப யாருமே சாவ மாட்டாங்களே. எங்க தாத்தா ஏன் சார் செத்தாவ?" என்று அவனே கேட்டான்.

"ஏய், முயல் தப்பாத்தாம்ல சொல்லிச்சு!"

"உனக்குக் காது கேக்கல!"

அடிதடி ஆவதற்குள் பால்வண்ணம் அவர்களை விரட்டினார். எமனோடு வாதாடிப் புருஷனை மீட்ட நம்மூர்க் கதை ஒன்றில்தான் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அதில் கை வைக்கப் பெட்டிக்கு வேலை இருக்கவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஷாஹினா வந்தாள். பெட்டிகளைப் பராமரிக்கிற மதுரைப் பெண். வந்தால் முதலில் டீ கேட்பாள்.

"கையில இருக்கிற பேண்டு நாடியைச் சொல்லும் சார். பிள்ளை கலங்குற மாதிரி இருந்தா, அழறதுக்கு முன்னாடியே பெட்டி கதையைக் கொஞ்சம் வளைச்சு விட்டுரும்."

"கொஞ்சம்னா?"

"செத்தவங்க பொழைக்கிற அளவுக்கு."

"அப்ப ஆளுக்கு ஒரு கதையா?"

"கதை ஒண்ணுதான். முடிவு மட்டும் அவங்கவங்க அளவுக்கு."

"செருப்பு மாதிரி."

"கடிக்கிற செருப்பை மாத்துறோம்ல சார்?"

பொதுவாகப் பால்வண்ணத்துக்குப் பதில்கள் ராத்திரி சாப்பிடும்போதுதான் வரும். "இந்த ஒரு பிள்ளைக்கு உள்ளபடியே உள்ள முடிவைச் சொல்ல வைக்க முடியுமாம்மா?"

"சொல்ல வைக்கலாம். அவளுக்கு நாடி ஏறும். உடனே திரும்ப வளைக்கும். பிள்ளை அழக்கூடாது, அது ஒண்ணுதான் சார் அதுக்குத் தெரியும்." டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். "என் பையனுக்கும் வீட்டுல இதையேதான் போடுறேன். இதுவரைக்கும் எந்தக் கதைக்கும் அவன் அழுததில்ல. அன்னைக்கு எங்க பூனை வண்டியில அடிபட்டுச்சு. வந்து பாத்தான். 'முடிவை மாத்தும்மா'ன்னான்."

தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

தலைமையாசிரியை ஞானத்தாய், பால்வண்ணம் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"நானும் குடுத்தேன் சார். அவ துண்டை நீட்டவும் எனக்கு நிசமாவே வந்துட்டு. பிள்ளை ஆசைக்கு ஒரு சொட்டு. நீங்களும் குடுத்திருங்களேன்."

"ஞாயித்துக்கிழமை வியாகப்பன் வரலைன்னா?"

"அத அப்ப பாத்துக்கிடுவோம்."

"எல்லாரும் அழுதாச்சு, அப்பா வரல. அவ என்ன நினைப்பா டீச்சர்? யாரோ பொய்யா அழுதிருக்காவன்னு தேடுவா. வாட்ச்மேனைச் சந்தேகப்படுவா, உங்களைப் படுவா, வெங்காயத்தைக் கண்டுபிடிப்பா. தேடித் தேடிக் கடைசில யாருகிட்ட வந்து நிப்பா? அழாத ஆளு ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கும். அது அவதான்."

ஞானத்தாய் மேசைமேல் இருந்த மணியை நகர்த்தி வைத்தார். "அதுக்கு நீங்க என்ன செய்யப் போறிய?"

"தெரியல டீச்சர்." அது உண்மை.

வெள்ளிக்கிழமை டெல்பின் வந்தபோது நூலகத்தில் வேறு யாரும் இல்லை. மேலே மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. துண்டை விரித்து, நடுவில் காய்ந்த இடம் ஒன்றைக் காட்டினாள்.

"இது உங்களுக்கு சார். நடுவுல வச்சிருக்கேன்."

பால்வண்ணம் ஒரு சொற்பொழிவு தயார் செய்திருந்தார். முதல் வரியே மறந்துபோயிற்று. ஆகவே கதையைச் சொன்னார், காதுக்கருவி இல்லாமல், தன் கரகரத்த தொண்டையில். அந்தச் சாமியின் பெயர் வரவில்லை. "அந்த வெளிச்சக்காரன்" என்றார். மரம் அழுதது, கல் அழுதது, இரும்பு அழுதது. அது வரை டெல்பின் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"கடைசியா ஒரு குகைக்குப் போனாவ. உள்ள ஒரு கெழவி இருந்தா. எல்லாரும் அழுதாச்சு, நீ மட்டுந்தான் பாக்கின்னாவ. அவ, நான் அழ மாட்டேன்னுட்டா."

"அப்பிடி இல்ல சார்."

"அப்பிடித்தான் மக்கா."

டெல்பின் மணிக்கட்டில் பட்டை சிவப்பாக மின்னியது. மூலையிலிருந்து பெட்டி தானாகப் பேசியது. "டெல்பின், பயப்படாதே. அந்தக் கிழவியும் கடைசியில் மனம் மாறினாள். அவள் கண்ணிலிருந்து ஒரே ஒரு துளி..."

"அவ மாறல," என்றார் பால்வண்ணம்.

"அந்தத் துளி தரையில் விழுந்ததும் பூமி திறந்தது..."

பால்வண்ணம் எழுந்து, பெட்டியின் மேசைக்கு அடியில் புகுந்து மின்செருகியைத் தேடினார். முதலில் பிடுங்கியது குடிநீர்க் குளிர்விப்பானுடையது. இரண்டாவதைப் பிடுங்கியதும் பெட்டி நின்றது. நிமிரும்போது மேசை விளிம்பில் மண்டை இடித்தது. சரித்திரத்தில் இதைவிடக் கம்பீரமான எதிர்ப்புகள் நடந்திருக்கும்.

தலையைத் தேய்த்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"துண்டை மடிச்சுக்கோ. நான் அழ மாட்டேன்."

"ஒரே ஒரு சொட்டு சார்."

"மாட்டேன்."

"வெங்காயம்கூட வச்சிருக்கேன்."

"மாட்டேன்."

"எங்கப்பா உங்களுக்கு என்ன செஞ்சாவ?" அவள் குரல் உயர்ந்தது. "இந்த ஃபேனை யாரு மாட்டிக் குடுத்தா? டக்டக்னு சத்தம் போடுதுன்னு நீங்கதான வந்து கேட்டிய! அப்பா லீவு நாளுல வந்து, ஏணியில ஏறி, காசுகூட வாங்காம மாட்டிக் குடுத்தாவல்லா! நானுந்தான் கூட வந்தேன், ஸ்குரூவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்!"

நின்றாள்தான். ஏணிக்குக் கீழே உள்ளங்கையில் திருகாணிகளை வைத்துக்கொண்டு. வியாகப்பன் மேலேயிருந்து கை நீட்டி, "டாக்டரம்மா, அடுத்த ஊசி குடுங்க" என்றார். மூவரும் சிரித்தார்கள். பால்வண்ணம் கன்னத்தை உள்ளே பல்லால் கடித்துக்கொண்டார். ரத்தம் உப்புக் கரித்தது.

"மாட்டேன்," என்றார்.

கைக்கு எட்டியது உலக வரைபடப் புத்தகம். அவள் அதைத் தூக்கி எறிந்தாள். அது அவர் தோளில் பட்டு விழுந்து ஆஸ்திரேலியாவில் திறந்துகொண்டது. அடுத்து மேசையைச் சுற்றி வந்து இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தினாள். "எல்லாரும் அழுதாவ! நாய் அழுதுச்சு! காத்தாடியே அழுதுச்சு! நீங்க ஒராளு! உங்களாலதான் எங்கப்பா வரல!"

"ஆமா மக்கா," என்றார் பால்வண்ணம். "என்னாலதான்."

குத்தின கைகள் நின்றன. அவள் வாய் திறந்திருந்தது. சத்தம் வர நேரமாயிற்று. பிறகு வந்தது. இத்தனை நாள் எங்கே அடங்கிக் கிடந்ததோ, வராந்தா முழுக்கக் கேட்டது. அவள் தரையில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்து, காய்ந்த இடம் எது, நனைந்த இடம் எது என்று பார்க்காமல் அழுதாள். ஞானத்தாய் ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். பால்வண்ணம் அசையவில்லை. தொட்டால் தானும் உடைந்துவிடுவோம் என்று பயந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. திங்களன்று டெல்பினின் அம்மா ரோஸ்லின் நூலக வாசலுக்கு வந்தாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

"வீட்டுக்கு வந்தும் அழுதா சார். நானும் அழுதேன்," என்றாள். "அது வரைக்கும் அவ முன்னால நான் அழுததே கெடையாது. அவ கலங்குனா பேண்டு செவப்பா மின்னும்லா, அதுக்குப் பயந்துக்கிட்டு." சொல்லிவிட்டுப் போனாள்.

கம்பெனி சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. நிர்வாகம் அவரிடம் விளக்கம் கேட்டது. அவர் எழுதியனுப்பிய விளக்கம் யாருக்கும் புரியவில்லை, அவர் உட்பட. பெட்டி போகவில்லை. ஞானத்தாய் எப்படியோ பேசி ஓர் அனுமதி வாங்கினார்: செவ்வாய்க்கிழமை, விருப்பம் உள்ள பிள்ளைகள் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு எதிர் மூலையில் பால்வண்ணத்திடம் கதை கேட்கலாம். முதல் வாரம் முத்துராஜ் மட்டும் வந்தான். பெட்டியின் குரலைவிட இவர் மூக்குச் சிந்துவது அவனுக்கு சுவாரசியமாக இருந்தது. பிறகு சிலர் வந்தார்கள். இப்போதும் சண்டை போட்டார்கள். என்ன நடந்தது என்று இல்லை, ஏன் அப்படி நடந்தது என்று.

பள்ளிக்கூடம் முழுக்க விஷயம் பரவியிருந்தது. முதலில் 'கல்லு சார்' என்று பெயர் வைத்தார்கள். முத்துராஜ்தான் ஆட்சேபித்தான்: "கதையில கல்லே அழுதுச்சுல. கல்லுன்னா கல்லுக்குத்தான் அவமானம்." ஆகவே 'கெழவி சார்' ஆனார். கரும்பலகையில் சேலை கட்டிய அவர் படம் வந்தது. நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

டெல்பின் அவரோடு பேசவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புத்தகம் வேண்டுமென்றால் வேறு பிள்ளையை அனுப்பிக் கேட்டாள். அவளுடைய வகுப்பாசிரியை, "சிரிக்கா சார், விளையாடுதா, உங்க பேரைச் சொன்னா மட்டும் மூஞ்சி மாறுது" என்றார். "நல்லது டீச்சர்," என்றார் பால்வண்ணம். வீட்டுக்குப் போகிற வழியில் அது அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை.

மறுபடி ஆனிக் காற்று எழுந்து, காத்தாடிகள் வேகம் பிடித்திருந்த ஒரு நாள், காதுக்கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வாசலில் டெல்பின். உயரமாகியிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். நெஞ்சோடு ஒரு நீலக் கிரிக்கெட் பனியனை அணைத்திருந்தான். அந்தப் பனியனின் சொந்தக்காரனை அவருக்குத் தெரியும். நாற்கரச் சாலையில் போன வாரம் நடந்த விபத்து ஊருக்கே தெரியும்.

"இவன் அண்ணனுக்காக எல்லாருகிட்டயும் கேட்டுட்டான் சார்," என்றாள் டெல்பின். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசுகிற குரல் போலவே இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல் இருந்தது. "எல்லாரும் குடுத்துட்டாவ. நான்தான் சொன்னேன், இன்னும் ஒராளு பாக்கி இருக்காருன்னு."

பையன் பனியனை விரித்து நீட்டினான். டெல்பின் அவரையே பார்த்தாள்.

"சொல்லுங்க சார்."

பால்வண்ணம் வாயைத் திறந்தார். கன்னத்தைக் கடித்துப் பார்த்தார். இந்த முறை பலிக்கவில்லை. அவர் முகம் எப்படி ஆகிறது என்பதை டெல்பின்தான் முதலில் பார்த்தாள். சட்டென்று பையனின் தோளைப் பிடித்து, அவர் முகம் அவனுக்குத் தெரியாதபடி ஜன்னல் பக்கமாகத் திருப்பி, தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றார் பால்வண்ணம்.